பிபிசி ஒன் சேனலில் ஒரு நாள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிரிட்டனுக்குப் புதிதாக வந்த நம்மவர்கள் பலர் வீட்டில் டிவி இருந்தும் பிபிசி ஒன் பக்கம் போவதில்லை. போனாலும், பகலில் யாரோ பழைய பீங்கானை விலை பேசிக்கொண்டிருப்பதைப் பார்த்துவிட்டு உடனே மாற்றிவிடுகிறார்கள். அந்தச் சேனலின் ஒரு நாள் எப்படி அமைந்திருக்கிறது, ஏன் அப்படி அமைந்தது என்று தெரிந்தால் பார்வையே வேறாகிவிடும். கீழே சொல்லும் நேரங்கள் 2025 வாக்கில் திங்கள் முதல் வெள்ளி வரை இருந்த வழக்கம். அரை மணி முன்னே பின்னே மாறலாம்.

பிபிசி ஒன் அரசாங்கச் சேனலா?

இல்லை. பிபிசி அரச சாசனம் ஒன்றின்கீழ் நடக்கும் பொது நிறுவனம். இப்போதைய சாசனம் 2017 ஜனவரி 1 முதல் 2027 டிசம்பர் 31 வரை. ஆஃப்காம் என்ற ஒழுங்குமுறை அமைப்பு அதைக் கண்காணிக்கிறது. இன்றைக்கு எந்தச் செய்தி முதலில் போகவேண்டும் என்று அமைச்சர் சொல்ல முடியாது. ஆனால் மக்கள் கட்டும் டிவி லைசன்ஸ் கட்டணம் எவ்வளவு என்பதை அரசாங்கம்தான் முடிவு செய்கிறது. அதனால் எந்தக் கட்சி ஆட்சியில் இருந்தாலும் இரண்டு தரப்புக்கும் இழுபறி உண்டு.

காலையிலிருந்து இரவு வரை என்னதான் ஓடுகிறது?

காலை 6 மணிக்கு ‘பிபிசி பிரேக்ஃபாஸ்ட்’ தொடங்கும். லண்டனிலிருந்து வருவதாகப் பலர் நினைக்கிறார்கள். 2012 முதல் அது மான்செஸ்டரை ஒட்டிய சால்ஃபர்டிலிருந்து வருகிறது. மூன்று மணி நேரத்துக்கு மேல் போகும் அந்த நிகழ்ச்சியை முழுக்க உட்கார்ந்து யாரும் பார்ப்பதில்லை. பல் தேய்த்துக்கொண்டும் பிள்ளைக்குச் சாப்பாடு கட்டிக்கொண்டும் பத்து நிமிடம் பார்ப்பவர்களுக்காகச் செய்யப்படுவது அது. அதனால்தான் தலைப்புச் செய்திகள் திரும்பத் திரும்ப வருகின்றன. நடுநடுவே உங்கள் ஊர்ப் பக்கத்துச் செய்தியும் வானிலையும் சில நிமிடம் எட்டிப் பார்க்கும்.

9.30 வாக்கில் ‘மார்னிங் லைவ்’. உடம்பு, பணம், மோசடி எச்சரிக்கை, சமையல் எல்லாம் கலந்தது. புதிதாக வந்தவர்கள் இதைத் தவறவிட வேண்டாம். மின்கட்டணம், ஓய்வூதியம், வங்கி பெயரில் வரும் போலி அழைப்பு பற்றியெல்லாம் வீட்டில் ஒருவர் சொல்வதுபோல நிதானமாகச் சொல்வார்கள்.

அப்புறம் வீடு, ஏலம், பழம்பொருள் நிகழ்ச்சிகள். பகல் 1 மணிக்குச் செய்தி. இதுவும் 2024 முதல் சால்ஃபர்டிலிருந்து, ஒரு மணி நேரமாக வருகிறது. பிற்பகலில் மறுபடி வீடு, கிராமப்புறம், மறுஒளிபரப்புகள். மாலை 5.15க்கு ‘பாயிண்ட்லெஸ்’ வினாடி வினா. 6 மணிக்கு தேசியச் செய்தி, 6.30க்கு வட்டாரச் செய்தி, 7 மணிக்கு ‘தி ஒன் ஷோ’. திங்கள் முதல் வியாழன் வரை 7.30க்கு ‘ஈஸ்ட்எண்டர்ஸ்’ சீரியல். 8 மணிக்கு சமையல் போட்டியோ ஆவணப்படமோ. 9 மணிக்கு அந்த நாளின் பெரிய நாடகம். 10 மணிக்கு மறுபடி செய்தி. 10.30க்கு மேல் விவாதம், விளையாட்டு, நகைச்சுவை. நள்ளிரவுக்குப் பிறகு பிபிசி செய்திச் சேனலோடு இணைந்துவிடும்.

செய்தி 1, 6, 10 என்று மூன்று தூண்களாக நிற்கிறது. மற்றவை அவற்றுக்கு இடையே நிரப்பப்பட்டவை. 10 மணிச் செய்தி முன்பு 9 மணிக்கு இருந்தது. 2000 அக்டோபரில்தான் மாற்றினார்கள், அதற்கே நாட்டில் பெரிய வாக்குவாதம் நடந்தது.

பகல் முழுக்க ஏன் பழைய சாமானும் ஏலமும்?

பகலில் டிவி முன் யார் இருக்கிறார்கள் என்று பாருங்கள்: ஓய்வு பெற்றவர்கள், கைக்குழந்தையோடு இருப்பவர்கள், இரவு வேலை முடித்து வந்தவர்கள், உடம்பு முடியாமல் படுத்திருப்பவர்கள். நடுவில் எழுந்து போனாலும் திரும்பி வந்து தொடர முடிகிற நிகழ்ச்சிதான் இவர்களுக்குச் சரிப்படும். கூடவே, செலவும் குறைவாக இருக்கவேண்டும்.

‘பார்கன் ஹன்ட்’ 2000 முதல் ஓடுகிறது. சிவப்பு அணி, நீல அணி. அணிக்கு 300 பவுண்டு கொடுத்துப் பழம்பொருள் சந்தையில் இறக்கிவிடுவார்கள். ஒரு மணி நேரத்தில் பொருள் வாங்கவேண்டும், பிறகு அவை உண்மையான ஏலத்துக்குப் போகும். யாருக்கு லாபம் அதிகமோ அவர்கள் வென்றார்கள். பெரும்பாலும் இரண்டு அணிக்கும் நட்டம்தான், அதைச் சிரித்தபடி ஏற்றுக்கொள்வார்கள். ‘ஹோம்ஸ் அண்டர் தி ஹாமர்’ 2003இல் வந்தது. ஏலத்தில் எடுத்த பாழடைந்த வீட்டைச் சீராக்கி எவ்வளவுக்கு விற்கலாம், வாடகை எவ்வளவு வரும் என்று கணக்குப் போடுவார்கள். இங்கே வீடு வாங்க நினைப்பவர்கள் அதைச் சில வாரம் பார்க்கட்டும். ஈரச்சுவர், கூரை ஓட்டை, குத்தகை நிலம், திட்ட அனுமதி என்று வழக்கறிஞரும் முகவரும் அவசரமாகச் சொல்லிவிட்டுப் போகும் விஷயங்கள் எல்லாம் படத்தோடு புரியும்.

பகல் ஒளிபரப்பே பழைய வழக்கம் இல்லை என்பதையும் சொல்லவேண்டும். 1972 வரை ஒரு நாளில் எத்தனை மணி நேரம் டிவி ஓடலாம் என்பதையே அரசாங்கம் கட்டுப்படுத்தியது. அதன் பிறகும் பிபிசி ஒன் பகலில் பல மணி நேரம் வெறுமனே கிடந்தது. காலை நிகழ்ச்சி 1983 ஜனவரி 17 அன்று வந்தது. முழுப் பகலுக்கும் நிகழ்ச்சி வைத்தது 1986 அக்டோபர் 27 முதல்தான்.

‘பாயிண்ட்லெஸ்’ விதிகள் புரியவில்லை. எப்படி விளையாடுகிறார்கள்?

வழக்கமான வினாடி வினாவைத் தலைகீழாகத் திருப்பியது இது. முன்கூட்டியே நூறு பேரிடம் ஒரு கேள்வியைக் கேட்டு வைத்திருப்பார்கள். உதாரணமாக, ஆப்பிரிக்க நாடு ஒன்றின் பெயர். எகிப்து என்று அதிகம் பேர் சொல்லியிருப்பார்கள், அதனால் எகிப்து என்றால் நிறையப் புள்ளி. புள்ளி ஏறினால் நீங்கள் வெளியே. அந்த நூறு பேரில் ஒருவர்கூடச் சொல்லாத சரியான பதிலைச் சொன்னால் பூஜ்யம், அதுதான் உச்சம். உலகத்தின் மூலைமுடுக்குகளைத் தெரிந்துவைத்திருப்பவர்களுக்கு இதில் மரியாதை. பள்ளிப் பிள்ளைகளோடு சேர்ந்து பார்க்க இதைவிட நல்ல அரை மாலைப் பொழுது பிபிசி ஒன்னில் கிடையாது என்பது என் உறுதியான எண்ணம்.

விளம்பரமே வராதா? அப்படியானால் பணம் எங்கிருந்து வருகிறது?

பிரிட்டனுக்குள் பிபிசி சேனல்களில் வணிக விளம்பரம் கிடையாது. வருவதெல்லாம் பிபிசியின் மற்ற நிகழ்ச்சிகள் பற்றிய முன்னோட்டம்தான். அதனால் ஒன்பது மணி நாடகம் பத்து மணிவரை நிஜமாகவே ஓடும்.

பணம் டிவி லைசன்ஸிலிருந்து வருகிறது. 2025 ஏப்ரலில் அது ஆண்டுக்கு 174.50 பவுண்டாக இருந்தது. தொடங்கியது 1946இல், அப்போது வானொலியும் டிவியும் சேர்த்து 2 பவுண்டு. ஒரு முகவரிக்கு ஒரு லைசன்ஸ் போதும், வீட்டில் எத்தனை டிவி இருந்தாலும் சரி. மொத்தமாகக் கட்ட முடியாதவர்கள் தவணையில் கட்டலாம். கடுமையான பார்வைக் குறைபாடு உள்ளவர்களுக்குப் பாதிக் கட்டணம். 75 வயது கடந்தவர்களுக்கு முன்பு எல்லோருக்கும் இலவசமாக இருந்தது. 2020 ஆகஸ்ட் முதல் பென்ஷன் கிரெடிட் என்ற உதவித்தொகை பெறும் வீடுகளுக்கு மட்டும்தான். தகுதி இருந்தும் அந்த உதவித்தொகைக்கு விண்ணப்பிக்காத பெரியவர்கள் நிறையப் பேர். உங்கள் வீட்டில் அப்படி யாராவது இருந்தால் முதலில் அதற்கு எழுதிப் போடுங்கள். அது கிடைத்ததும், 75 வயது கடந்தவர் என்றால் இலவச லைசன்ஸுக்கும் விண்ணப்பிக்கலாம்.

நான் தமிழ்ச் சேனல் மட்டும்தான் பார்க்கிறேன். எனக்கும் லைசன்ஸ் வேண்டுமா?

நேரடியாக ஓடும்போது பார்த்தால், வேண்டும். நம்மவர்கள் அதிகம் தவறாகப் புரிந்துகொண்டிருப்பது இதைத்தான். லைசன்ஸ் பிபிசிக்கான சந்தா இல்லை. எந்த நாட்டுச் சேனலாக இருந்தாலும், எந்த மொழியாக இருந்தாலும், டிஷ் வழியாக வந்தாலும் இணையம் வழியாக வந்தாலும், ஒளிபரப்பாகும் அதே நேரத்தில் பார்த்தாலோ பதிவு செய்தாலோ லைசன்ஸ் தேவை. கைபேசியில் பார்த்தாலும் அதே சட்டம். சென்னையிலிருந்து நேரலையாக வரும் சீரியலும் இதில் அடங்கும்.

பிபிசியின் இணையத் தளமான ஐபிளேயரில் எதைப் பார்த்தாலும், பழைய நிகழ்ச்சியாக இருந்தாலும், லைசன்ஸ் வேண்டும். இது 2016 செப்டம்பர் முதல் சட்டம். பிற தளங்களில் நேரலை அல்லாத படம், பழைய எபிசோட் மட்டும் பார்ப்பவர்களுக்குத் தேவையில்லை. அப்படியானால் தேவையில்லை என்று இணையத்தில் ஒரு படிவம் நிரப்பிவிடுங்கள், லைசன்ஸ் கேட்டுக் கடிதங்கள் வருவது பெரும்பாலும் நிற்கும். லைசன்ஸ் இல்லாமல் பார்த்தது நிரூபணமானால் 1,000 பவுண்டு வரை அபராதம், கூடவே வழக்குச் செலவு. விசாரிக்க வரும் ஆளை நீங்கள் விரும்பாவிட்டால் வீட்டுக்குள் விடவேண்டிய கட்டாயம் இல்லை. நீதிமன்ற ஆணையோடு வந்தால் விடத்தான் வேண்டும்.

6.30 மணிக்கு என் வீட்டில் ஒரு செய்தி, லெஸ்டரில் இருக்கும் அண்ணன் வீட்டில் வேறு செய்தி. ஏன்?

6 மணிச் செய்தி முடிந்ததும் பிபிசி ஒன் பல துண்டுகளாகப் பிரிகிறது. லண்டனுக்கு ஒன்று. லெஸ்டர், நாட்டிங்ஹாம் பக்கம் ‘ஈஸ்ட் மிட்லண்ட்ஸ் டுடே’. பர்மிங்ஹாமுக்கு ‘மிட்லண்ட்ஸ் டுடே’. லீட்ஸ் பக்கம் ‘லுக் நார்த்’. பிரிஸ்டலுக்கு ‘பாயிண்ட்ஸ் வெஸ்ட்’. ஸ்காட்லாந்துக்கு ‘ரிப்போர்ட்டிங் ஸ்காட்லாந்து’. வேல்ஸுக்கும் வட அயர்லாந்துக்கும் தனித்தனியாக உண்டு. அந்த மூன்று நாடுகளுக்கும் பிபிசி ஒன்னே தனிப் பதிப்பு. அதனால் அங்கே சில மாலை நிகழ்ச்சிகளும் இங்கிலாந்தில் ஓடுவதிலிருந்து மாறுபடும்.

ஒரு நாளில் அரை மணி நேரம்தான் பார்க்க முடியும் என்றால் இந்த அரை மணியைத்தான் பாருங்கள் என்பேன். உங்கள் ஊர் மருத்துவமனையில் காத்திருப்பு எவ்வளவு, எந்தப் பள்ளி மூடப்போகிறது, எந்தப் பாலம் வேலைக்காக அடைக்கப்படுகிறது, நகரசபை எதற்குப் பணத்தை வெட்டுகிறது என்று இதில்தான் தெரியும். தேசியச் செய்தியில் வெஸ்ட்மின்ஸ்டர் அரசியல் மட்டும் பார்ப்பவருக்குத் தான் குடியிருக்கும் தெரு பற்றி ஒன்றும் தெரியாது. உங்கள் பகுதிக்கு வேறு ஊர்ச் செய்தி வந்தால், டிவியில் அஞ்சல் குறியீட்டைச் சரியாகப் போட்டிருக்கிறீர்களா என்று அமைப்புகளில் பாருங்கள்.

‘ஈஸ்ட்எண்டர்ஸ்’ என்று இவ்வளவு பேசுகிறார்களே, அப்படி என்ன இருக்கிறது?

கிழக்கு லண்டனில் வால்ஃபர்ட் என்ற கற்பனைப் பகுதி. அதில் ஆல்பர்ட் சதுக்கம், நடுவே குவீன் விக் என்ற பப். 1985 பிப்ரவரி 19 முதல் அங்கே குடியிருப்பவர்களின் குடும்பச் சண்டை, காதல், துரோகம், சாவு எல்லாம் நடந்துகொண்டே இருக்கிறது. படப்பிடிப்பு லண்டனுக்கு வெளியே எல்ஸ்ட்ரீயில். கதையில் வரும் ரயில் வரைபடத்தில் புரோம்லி-பை-போ நிலையம் இருக்கவேண்டிய இடத்தில் வால்ஃபர்ட் ஈஸ்ட் என்று போட்டிருப்பார்கள்.

மெகா சீரியல் பார்த்து வளர்ந்த நமக்கு இது அந்நியமாக இராது. ஒரு வித்தியாசம்: இங்கே பெரும்பாலும் பணக்கார மாளிகை கிடையாது. காய்கறிக் கடைக்காரர், டாக்ஸி ஓட்டுபவர், கஃபே நடத்துபவர்தான் நாயகர்கள். எய்ட்ஸ், வீட்டு வன்முறை, மறதி நோய் என்று மக்கள் வெளியே பேசத் தயங்கியதை எல்லாம் 7.30 மணிக்குக் கூடத்துக்குக் கொண்டுவந்தது. 1986 கிறிஸ்துமஸ் நாளின் எபிசோடை, மறுஒளிபரப்பும் சேர்த்து, 3 கோடிக்கும் மேற்பட்டவர்கள் பார்த்தார்கள். அன்றைய பிரிட்டன் மக்கள்தொகையில் பாதிக்கும் மேல்!

சீரியல் முடிந்ததும் நாடே டீ போடுகிறது, மின்சாரம் ஏறுகிறது என்கிறார்களே, உண்மையா?

உண்மைதான். இங்கே சாதாரண மின் கெட்டில் ஒன்று 3 கிலோவாட் வரை இழுக்கும். லட்சக்கணக்கானவர்கள் ஒரே நிகழ்ச்சியைப் பார்த்துவிட்டு, அது முடிந்த அதே நிமிடத்தில் எழுந்துபோய் கெட்டிலைப் போட்டால் என்ன ஆகும்? அதனால் மின்கட்டமைப்பின் கட்டுப்பாட்டு அறையில் இருப்பவர்கள் டிவி நிகழ்ச்சி நிரலையும் பார்த்துத் திட்டமிட்டார்கள். எந்த நிகழ்ச்சி எத்தனை மணிக்கு முடிகிறது என்பது அவர்களுக்கு வானிலை அறிக்கை அளவுக்கு முக்கியம்.

மிகப் பெரிய ஏற்றம் 1990 ஜூலை 4 அன்று. உலகக் கோப்பைக் கால்பந்து அரையிறுதியில் இங்கிலாந்து மேற்கு ஜெர்மனியிடம் பெனால்டியில் தோற்று முடிந்ததும் 2,800 மெகாவாட் கூடியது. இப்படித் திடீரென்று ஏறும் தேவைக்குக் கைகொடுப்பது வடக்கு வேல்ஸில் மலைக்குள் இருக்கும் டினோர்விக் மின்நிலையம். மேலே ஓர் ஏரி, கீழே ஓர் ஏரி. மின்சாரம் மலிவாகக் கிடைக்கும் இரவில் நீரை மேலே ஏற்றிவைத்து, வேண்டும்போது திறந்துவிடுவார்கள். சுழலிகள் தயார்நிலையில் இருந்தால் 12 நொடியில் 1,320 மெகாவாட் கொடுக்கும். 1984இல் திறந்தது. இப்போது ஆளுக்கொரு நேரத்தில் பார்க்கும் பழக்கம் கூடிவிட்டதால் சீரியல் ஏற்றம் சிறுத்துவிட்டது. பெரிய கால்பந்துப் போட்டி நாட்களில் இன்றும் உண்டு.

ஒன்பது மணிக்கு முன், ஒன்பது மணிக்குப் பின் என்று பிரிப்பது எதற்காக?

இலவசமாக வரும் எல்லாச் சேனல்களுக்கும் ஆஃப்காம் வைத்த விதி இது. இரவு 9 மணிக்கு முன்னும் காலை 5.30க்குப் பின்னும் சிறுவர்களுக்கு ஒவ்வாத காட்சி, பேச்சு வரக்கூடாது. 9 அடித்த அந்த நொடியே கெட்ட வார்த்தை கொட்டும் என்று பொருள் இல்லை. மெதுவாகத்தான் மாறும். ஆனால் கொலை, போதை, படுக்கையறை எல்லாம் வரும் நாடகங்கள் 9 மணிக்குத்தான் வைக்கப்படுகின்றன. சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் இந்தக் கடிகாரத்தை நம்பலாம். ஐபிளேயரில் எல்லா நேரமும் எல்லாம் கிடைக்கும், ஆகவே அங்கே ரகசிய எண் பூட்டைப் போட்டுவிடுங்கள்.

பிள்ளைகளுக்கான நிகழ்ச்சி ஏன் இந்தச் சேனலில் இல்லை?

இருந்தது. பள்ளி விட்டு வந்த பிள்ளைகள் பிபிசி ஒன்னைத் திறந்தால் அவர்களுக்கென்றே இரண்டு மணி நேரம் ஓடிய காலம் உண்டு. 1958இல் தொடங்கிய ‘புளூ பீட்டர்’ அதில்தான் வளர்ந்தது. 2002இல் சிபிபிசி, சிபீபீஸ் என்று தனிச் சேனல்கள் வந்தன. 2012 டிசம்பரோடு பிபிசி ஒன்னில் அந்த நேரம் எடுக்கப்பட்டது. தனிச் சேனலில் பிள்ளைகளுக்கு நேரம் கூடியது நல்லதுதான். ஆனால் தாத்தா பாட்டி தற்செயலாகப் பேரப்பிள்ளையின் நிகழ்ச்சியைப் பார்ப்பதும், பிள்ளைகள் அப்படியே உட்கார்ந்து 6 மணிச் செய்தி கேட்பதும் அதோடு போனது. எனக்கு அது பெரிய இழப்பாகத்தான் படுகிறது.

இதற்கும் முந்தைய கதை இன்னும் விசேஷம். 1957 பிப்ரவரி வரை மாலை 6 முதல் 7 வரை டிவியே கிடையாது! பெற்றோர் பிள்ளைகளைப் படுக்க வைக்கட்டும் என்று திரையை இருட்டாக்கி வைத்திருந்தார்கள். 1955இல் வந்த ஐடிவி விளம்பரத்தில் பிழைக்கும் சேனல். அந்த ஒரு மணி நேரம் வீணாகிறதே என்று அது போராட, விதி போய்விட்டது. பிபிசி உடனே அந்த இடத்தில் ‘டுநைட்’ என்ற நாட்டு நடப்பு நிகழ்ச்சியை வைத்தது.

நள்ளிரவில் தேசிய கீதம் போடுவார்கள் என்று கேள்விப்பட்டேன்.

1997 நவம்பர் வரை போட்டார்கள். அன்றைய நிகழ்ச்சிகள் முடிந்ததும் அறிவிப்பாளர் இரவு வணக்கம் சொல்லி, கீதம் ஒலித்து, திரை அணையும். அந்த நவம்பர் 9 அன்று பிபிசியின் 24 மணிச் செய்திச் சேனல் தொடங்கியது. அதிலிருந்து இரவு முழுக்க அதையே பிபிசி ஒன்னிலும் காட்டுகிறார்கள்.

சனி, ஞாயிறு?

தனி அமைப்பு. சனி காலை சமையல், மாலை போட்டி நிகழ்ச்சிகள், இலையுதிர் காலம் என்றால் ‘ஸ்ட்ரிக்ட்லி’ நடனம், இரவு ‘மேட்ச் ஆஃப் தி டே’ கால்பந்து. ஞாயிறு காலை 9க்கு அரசியல் பேட்டி, பகலில் 1961 முதல் வரும் தேவாலயப் பாடல் நிகழ்ச்சி, மாலையில் ‘கன்ட்ரிஃபைல்’ என்ற கிராமப்புற நிகழ்ச்சி, அப்புறம் 1979 முதல் வரும் ‘ஆன்டீக்ஸ் ரோட்ஷோ’, 9 மணிக்கு நாடகம்.

போட்ட நிரலை நடுவில் மாற்றுவார்களா?

விம்பிள்டன் நடக்கும் இரண்டு வாரமும் நிரல் தினமும் இழுபடும். தேர்தல் நாளில் வேறு ஒரு விசித்திரம். வாக்குப்பதிவு தொடங்கியதிலிருந்து இரவு 10 மணிவரை எந்தக் கட்சியின் கொள்கை பற்றியும் அலசமாட்டார்கள். தலைவர்கள் வாக்களித்தார்கள், மழை பெய்தது, அவ்வளவுதான் செய்தி. சரியாக 10 மணிக்கு வாக்குச்சாவடிக் கணிப்பு திரையில் விழும். அப்புறம் விடிய விடிய.

அரச குடும்பத்தில் சாவு என்றால் எல்லாமே நிற்கும். 2022 செப்டம்பர் 8 அன்று அரசியின் உடல்நிலை பற்றி அறிவிப்பு வந்தபோது ‘பார்கன் ஹன்ட்’ ஓடிக்கொண்டிருந்தது. அதை நடுவில் வெட்டிச் செய்திக்குப் போனார்கள். மாலை 6.30க்கு மரணச் செய்தி வந்தது. அதற்கு முந்தைய ஆண்டு ஏப்ரலில் இளவரசர் ஃபிலிப் இறந்தபோது பிபிசி ஒன், டூ இரண்டிலும் ஒரே அஞ்சலி நிகழ்ச்சியை ஓட்டினார்கள். அது அளவுக்கு மீறியது என்று ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட புகார்கள் வந்தன. அன்று ‘ஈஸ்ட்எண்டர்ஸ்’ போகவில்லை, ‘மாஸ்டர்செஃப்’ சமையல் போட்டியின் இறுதிச் சுற்றும் போகவில்லை. நான் புகார் செய்தவர்கள் பக்கம்தான். ஒரு சேனலில் அஞ்சலியும் மற்றதில் வழக்கமானதும் ஓடியிருக்கலாம்.

இந்தத் திரையில் தமிழர்கள் உண்டா?

ஜார்ஜ் அலகையாவைச் சொல்லாமல் முடியாது. கொழும்பில் 1955இல் தமிழ்க் குடும்பத்தில் பிறந்து, சிறு வயதில் கானாவுக்கும் பிறகு இங்கிலாந்துக்கும் போனவர். ஆப்பிரிக்காவில் செய்தியாளராக ருவாண்டாவையும் சோமாலியாவையும் உலகுக்குச் சொன்னவர். 2003 முதல் கிட்டத்தட்ட இருபது ஆண்டுகள் 6 மணிச் செய்தி வாசித்தார். 2014 முதல் புற்றுநோயோடு போராடிக்கொண்டே பணிக்குத் திரும்பித் திரும்பி வந்தார். 2023 ஜூலையில் காலமானார். அந்த அமைதியான குரலை லட்சக்கணக்கான வீடுகள் தங்கள் வீட்டுக் குரலாக ஏற்றுக்கொண்டிருந்தன.

இப்போது ரோமேஷ் ரங்கநாதன். பெற்றோர் இலங்கைத் தமிழர்கள், அவர் பிறந்தது கிராலியில். கணக்கு வாத்தியாராக இருந்து நகைச்சுவைக்கு வந்தவர். 2021 முதல் பிபிசி ஒன்னின் ‘தி வீக்கஸ்ட் லிங்க்’ வினாடி வினாவை நடத்துகிறார். 2024இல் ‘மாஸ்டர்செஃப்’ பட்டம் வென்ற கால்நடை மருத்துவர் பிரின் பிரதாபனும் இலங்கை வேர் கொண்டவர்.

ஆங்கில உச்சரிப்பு புரியவில்லை. அம்மாவுக்குக் காதும் கேட்காது. என்ன செய்வது?

ரிமோட்டில் சப்டைட்டில் பொத்தானை அழுத்துங்கள். 2008 முதல் பிபிசி ஒன்னில் வரும் எல்லா நிகழ்ச்சிக்கும் ஆங்கில எழுத்து உண்டு, நேரலைக்கும் சேர்த்து. நேரலையில் எழுத்து சில நொடி தாமதமாக வரும், சில சமயம் தப்பும் தவறுமாக வரும். காரணம், ஒருவர் கேட்டதைக் கேட்டபடி கணினியிடம் தெளிவாகத் திருப்பிச் சொல்ல, கணினி அதை எழுத்தாக்குகிறது. கிளாஸ்கோ பேச்சும் நியூகாசில் பேச்சும் பிடிபட வேண்டுமானால் எழுத்தோடு பார்ப்பதுதான் வழி. பார்வை இல்லாதவர்களுக்கு நடப்பதை விவரிக்கும் குரல் வசதியும், சில நிகழ்ச்சிகளுக்குப் பின்னிரவில் சைகை மொழிப் பதிப்பும் உண்டு.

ஐபிளேயரில் எப்போது வேண்டுமானாலும் பார்க்கலாமே. நேரத்துக்கு ஏன் உட்காரவேண்டும்?

நாடகத்துக்கு உட்கார வேண்டாம். ‘ஈஸ்ட்எண்டர்ஸ்’கூட அன்று காலை 6 மணிக்கே ஐபிளேயரில் வந்துவிடுகிறது. செய்திக்கும் வட்டாரச் செய்திக்கும் விளையாட்டுக்கும் உட்காருங்கள். நீங்கள் தேடாத விஷயம் உங்கள் முன் வந்து நிற்பது நேரலையில்தான். ஐபிளேயர் உங்களுக்குப் பிடித்ததையே மேலே காட்டும். அதில் உங்கள் ஊர் நகரசபையின் பட்ஜெட்டைத் தேடிப் போய்ப் பார்க்க யாருக்கும் தோன்றாது. சேனலில் 6 மணிச் செய்தி முடிந்து கை ரிமோட்டுக்குப் போவதற்குள் அது தொடங்கிவிடும்.

மற்றபடி மக்கள் சேர்ந்து பார்ப்பது போய்விட்டது என்பதும் முழு உண்மை இல்லை. 2024 கிறிஸ்துமஸ் இரவில் ‘கேவின் அண்ட் ஸ்டேசி’ கடைசி எபிசோடை அந்த நேரத்திலேயே 1.23 கோடிப் பேர் பார்த்தார்கள்.

பல ஆண்டுக்கு முந்தைய ஒரு நாளின் நிகழ்ச்சி நிரலைப் பார்க்க முடியுமா? நான் பிறந்த நாளன்று என்ன ஓடியது என்று தெரியவேண்டும்.

முடியும். 1923 செப்டம்பர் 28 முதல் ‘ரேடியோ டைம்ஸ்’ என்ற வார இதழ் பிபிசியின் நிரலை அச்சிட்டு வந்தது. 2009 வரையிலான அந்த நிரல்களை ‘ஜீனோம்’ என்ற திட்டத்தில் பிபிசி இணையத்தில் ஏற்றியிருக்கிறது. 2014இல் திறந்தார்கள், இலவசம். தேதி போட்டுத் தேடலாம். பிபிசியின் நிரல் மட்டும்தான் இருக்கும். 1991 மார்ச் வரை ‘ரேடியோ டைம்ஸ்’ பிபிசியை மட்டும், ‘டிவி டைம்ஸ்’ ஐடிவியையும் பின்னர் வந்த சேனல் 4ஐயும் மட்டும் அச்சிட்டன. ஒரு வாரம் முழுக்கத் தெரிய வீட்டில் இரண்டு இதழ் வாங்கவேண்டியிருந்தது.

ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள். அந்த நிரல் நாட்களுக்கு முன்பே அச்சுக்குப் போனது, அது திட்டம்தான். 1964 ஏப்ரல் 20 அன்று பிபிசி டூ தொடங்க இருந்தது. மாலை 7.20க்கு ஆரம்பம், ‘கிஸ் மீ கேட்’ இசை நாடகம், கடைசியில் வாணவேடிக்கை என்று நிரல் சொல்லும். உண்மையில் பேட்டர்சீ மின்நிலையத்தில் தீப்பிடித்து மேற்கு லண்டன் இருண்டுபோனது. பிபிசியின் படப்பிடிப்பு வளாகமான டெலிவிஷன் சென்டரிலும் மின்சாரம் இல்லை. வடக்கு லண்டனில் அலெக்சாண்ட்ரா பேலஸில் மின்சாரம் இருந்ததால் அங்கிருந்து ஜெரால்ட் பிரீஸ்ட்லண்ட் செய்தி மட்டும் வாசித்தார். விழா மறுநாள் மாலைக்குத் தள்ளிப்போனது. அந்த மறுநாள் காலை 11 மணிக்கு வந்த ‘பிளே ஸ்கூல்’ என்ற சிறுவர் நிகழ்ச்சிதான் அந்தச் சேனலில் திட்டப்படி ஓடிய முதல் நிகழ்ச்சி. ஆகவே உங்கள் பிறந்த நாளில் பெரிய சம்பவம் ஏதாவது நடந்திருந்தால், ஜீனோமில் பார்த்ததை மறுநாள் வந்த பத்திரிகையோடும் ஒப்பிட்டுப் பாருங்கள். பழைய பத்திரிகைகளைப் பெரும்பாலான மாவட்ட நூலகங்களில் நூலக அட்டை இருந்தால் பார்க்கலாம்.